ரிமோட் பிளேன் ஏன் விழுகுது?

ட்ரோன் பற்றிய இந்தக் கிழமை எபிசோடில் சொல்ல நேரமில்லாமல் போன கதை இது.

இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு ஃபோம் பிளேன் வாங்கினேன். மகளையும் கூட்டிக்கொண்டு கிளப் மைதானத்துக்குப் போய்க் கையால எறிஞ்சன். பிளேன் வலப்பக்கம் சரிஞ்சுது. ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ள, இன்னும் வலப்பக்கம் சரிஞ்சுது. பயத்தில இன்னும் தள்ளினேன். நாலு செக்கனில் மூக்கு மண்ணுக்குள்ள.

"காத்து அடிச்சிட்டுது" எண்டு மகளிட்ட சொன்னேன். பக்கத்தில நிண்ட அண்ணை ஒருவர் ரேடியோவை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இதில வேற பிளேனெல்லோ செலக்ட் பண்ணிக் கிடக்கு!"

என்ரை பழைய பிளேனுக்கு எய்லரோனை 'ரிவர்ஸ்' பண்ணி வைத்திருந்தேன். அந்த செட்டிங்கோடயே புதுசை எறிஞ்சிருக்கிறன். டெஸ்ட் சேர்வரின் கொன்ஃபிக்கைப் புரொடக்ஷனில் போட்ட கதைதான். வேலையில மற்றவைக்குச் செக்லிஸ்ட் எழுதிக் குடுக்கிற ஆள் நான்!

பிறகு விசாரித்ததில், பல விபத்துகளுக்கான காரணம் பறக்க முதலே தரையில் இருக்கும் என்று விளங்கியது. அண்ணை பழக்கின செக்லிஸ்ட் இது:

• ரேடியோவில் சரியான மொடல் தானா? பிளேனுக்குப் பின்னால நிண்டு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், வலது எய்லரோன் மேலே எழும்ப வேணும்.

• ஈர்ப்பு மையம் எங்கே? வழக்கமாக, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில். வால் பாரமானால் கட்டுப்படுத்த ஏலாது.

• பற்றரி முழுச் சார்ஜா? லிப்போ என்றால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். ரொறன்ரோக் குளிரில் வோல்டேஜ் சடாரெண்டு இறங்கும், ரிசீவரே நிண்டுபோகலாம். ஜக்கெட் பொக்கெட்டில் சூடாக வைத்திருங்கோ.

• ரேஞ்ச் செக் செய்தாச்சா?

மேலே போன பிறகு நடக்கிறது முக்கியமாக இரண்டு பிழை. வேகம் குறைந்த நிலையில் இறுக்கித் திருப்பினால் இறக்கை தூக்கு விசையை இழந்துவிடும். பிளேன் எங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும்.

இதெல்லாம் புதுசாப் பழகிற ஆக்களுக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. 2021 ஓகஸ்ட் 10. மார்க்கத்தில், பிறகு 2023இல் மூடப்பட்ட பட்டன்வில் விமான நிலையம். தரையிறங்க வந்த செஸ்னா 172 ஒன்று, சுமார் 400 அடி உயரத்தில் நிண்ட யோர்க் பிராந்தியப் பொலிஸ் ட்ரோனில் மோதியது. செஸ்னாவில் இருந்த பயிற்றுநரும் மாணவரும் பறவை மோதியதாகவே நினைத்தார்களாம். நல்லகாலம், காயமில்லை.

ட்ரோன் விமானி வேலைப்பளுவில் மூழ்கியிருந்தார், பக்கத்தில் பார்வையாளராக நிண்டவருக்குப் பயிற்சியும் இல்லை, தன்ரை பொறுப்பு என்னவெண்டும் தெரியாது என்று போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அறிக்கை சொன்னது.

நான் யோசிச்சது இதுதான்: பக்கத்தில ஆள் நிண்டால் மட்டும் போதாது. என்ன பார்க்கவேணும் எண்டு அவருக்குச் சொல்லியிருக்க வேணும்.

அண்டைக்கு இரவே மகளிட்ட உண்மையைச் சொன்னேன்: காத்தில்லை, அப்பான்ரை பிழை. இப்ப செக்லிஸ்டைச் சத்தமா வாசிக்கிறது அவள்தான். அவள் 'ஓகே' சொல்லாமல் நான் எறியிறேல்லை.

உங்கட பிளேன் கடைசியா ஏன் விழுந்தது? எழுதி அனுப்புங்கோ. "காத்து" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ!