பழவேற்காட்டு ஏடுகளும் எண்ணிமக் காப்பும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் அல்குர்ஆன் (2:282), எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. எழுத்துக்குச் சாட்சி துணை நிற்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும்போதும் இது நினைவிற்கொள்ளத்தக்கது.

மீனவக் குப்பங்கள் சூழ்ந்த பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் இதுவே. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், சென்னை ஆகிய நகரங்களில் அக்கம்பெனியின் ஆவணங்கள் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள் எஞ்சியுள்ளன. 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹேக்கிலுள்ளவற்றுள் பெரும்பகுதி படமாக்கப்பட்டதோடு, கையெழுத்தை இனங்காணும் மென்பொருளால் சொல் தேடவும் வழி பிறந்துள்ளது.

ஆயினும் இவை வணிகக் கம்பெனியின் பார்வையில் எழுதப்பட்டவை. முஸ்லிம்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள அரபு, அரபுத்தமிழ் ஏடுகள், நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள் ஆகியவையே. உப்புக்காற்றும் ஈரமும் கரையானும் இவற்றை ஓயாது அரிக்கின்றன.

இவற்றைக் காக்க ஏட்டை உரியவரிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. 2004இல் பிரிட்டிஷ் நூலகம் தொடங்கிய அழிவுறு ஆவணத் திட்டம், மூலத்தை அதன் நாட்டிலேயே விட்டுப் படத்தை மட்டும் பகிர்கிறது. இலங்கை மலாய் முஸ்லிம்களின் இல்லங்களிலிருந்த கையெழுத்துப் படிகள் இவ்வாறே படமாக்கப்பட்டன.

அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுத்த படத்தைச் சுருக்கப்படாத 'டிஃப்' கோப்பாக வைத்தல் வேண்டும். வாசிப்புக்குச் சிறு படி போதும். மூன்று படிகள் இருத்தல் நலம். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். வன்தட்டும் பழுதுறும், ஆதலின் சில ஆண்டுகளுக்கொருமுறை புதியதற்கு மாற்றுதல் அவசியம்.

எனினும் படம் வேறு, வாசகம் வேறு. எழுதியவர் யார், எக்குடும்பத்தது, எப்பொருள் பற்றியது என்ற குறிப்பின்றேல் ஆயிரம் படங்களும் ஊமைச் சாட்சிகளே. ஹிஜ்ரி ஆண்டுக்கு நேரான ஆங்கில ஆண்டையும் உடன் குறித்தல் வேண்டும். அரபுத்தமிழைத் தடையின்றி வாசிப்போர் பெரும்பாலும் முதியோர். அவர்களை அருகிருத்தி வாசிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்வதே முதற்பணி. படக்கருவியை நாளையும் வாங்கலாம். அம்முதியோரின் நாவை மீண்டும் பெற இயலாது. ஜமாஅத்துகள் இதனை உணர்ந்து செயற்படுதல் காலத்தின் கடமையாகும்.