வார்ப்பின் தரம் அறிதல்

கிட்வாய் நகரை அடுத்த தில்லி ஹாட்டில் வெண்கலச் சிலை வாங்கச் செல்லும் நண்பர்களுக்கு நான் கூறுவது ஒன்று: முகத்தழகில் மயங்காதீர்கள்; முதுகையும் பீடத்தின் அடியையும் பாருங்கள். மெருகு அங்கே அதிகம் எட்டுவதில்லை.

சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் நிறையும். ஆறியபின் மண்ணச்சை உடைத்தே சிலையை எடுப்பர். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

ஊசித் துளைகள் தெரிந்தால், உலோகத்தில் காற்றுச் சிக்கியிருக்கும். விரல்நுனி குறைந்திருந்தால், உலோகம் அங்கே சேருமுன் உறைந்திருக்கும். இரு விலாவிலும் நேர்கோடாகத் தழும்பு ஓடினால், அது பெரும்பாலும் இருபாதி அச்சில் வார்த்த மலிவுச் சரக்கு.

இச்சோதனைகளில் தேறிய சிலைக்குப் பேரம் பேசாதீர்கள். அச்சிற்பியின் உழைப்புக்கு அதுவே நீதி.