வாளியில் போட்டதும் தரையில் தங்கியதும்

600 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 56 சதுர மீட்டர். மார்கழி முதல் தேதியிலிருந்து பொங்கல் வரை அந்த வீட்டு வாசலில் கோலம் உண்டு. உள்ளே தினமும் துடைப்பு உண்டு. போகிக்கு முன் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு உண்டு. இந்த 30 நாளுக்கு எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும், என்ன செலவாகும், வீட்டில் என்ன மிஞ்சும் என்பதுதான் இங்கே போடுகிற கணக்கு. விலைகள் எல்லாம் உத்தேசம். உங்கள் ஊர்க் கடை விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அளவுகளை அப்படி மாற்ற முடியாது.

முதலில் துடைப்பு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்த தரையில் அதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி, ஈரமாக நிற்கிறது என்று வைப்போம். 56 சதுர மீட்டருக்கு 1.1 லிட்டர். மின்விசிறியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அந்த ஈரம் காய்ந்துவிடும். தண்ணீர்தான் ஆவியாகும், அதில் கரைந்திருந்த உப்பும் சோப்பும் கஞ்சியும் தரையிலேயே தங்கிவிடும். இயற்கை முறை என்றாலும் கடைத் திரவம் என்றாலும் நான் பார்ப்பது இந்த 1.1 லிட்டரைத்தான். வாளியில் என்ன போட்டோம் என்பதைவிட, காய்ந்த பிறகு தரையில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

இந்த அளவுகோலை வைத்து, எல்லோரும் சொல்லும் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கல்லுப்பு போட்டுத் துடைப்பது பல வீடுகளில் வழக்கம். 5 லிட்டர் வாளிக்கு ஒரு சிறங்கை, ஏறக்குறைய 35 கிராம். தரையில் தங்கும் 1.1 லிட்டரில் 7.7 கிராம் உப்பு இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மார்கழிக் காலையில் சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஈரப்பதம் அதற்கு மேல்தான் இருக்கும். விடிந்ததும் தரை பிசுபிசுப்பதை அழுக்கு என்று நினைத்து, அடுத்த நாள் இன்னும் ஒரு கை உப்பைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் உப்பு போடுவது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் விட வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி போதும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அரிசி களைந்த தண்ணீருக்கும் இதே கதிதான். கஞ்சிப்பசை காய்ந்து படலமாகும், அந்தப் படலத்தில் தூசி ஒட்டும். அதைச் செடிக்கு ஊற்றுங்கள்.

கடையில் வாங்கும் சோப்புத் திரவத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 5 லிட்டருக்கு 5 மில்லி ஊற்றினால் தரையில் தங்குவது 0.2 கிராம். கை போன போக்கில் 50 மில்லி ஊற்றினால் 2 கிராம். அழுக்கு எடுப்பதற்கு அந்த 5 மில்லியே போதும். மீதி 45 மில்லி வாசனைக்காகவும் நுரைக்காகவும் போகிறது, தரையில் கால் ஒட்டும் மெழுகாகவும் தங்குகிறது. பூந்திக்கொட்டை இதற்கு நல்ல மாற்று. விதை நீக்கிய பத்துக் கொட்டைகளின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால், வாளிக்கு ஒரு டம்ளர் என நாலைந்து வாளிக்கு வரும். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி வினிகர். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுத் தரைகளை அதிகம் கெடுத்த நல்ல குறிப்பு இதுதான். வினிகர் காய்ந்தால் எதுவும் தங்குவதில்லை. அசிட்டிக் அமிலமும் தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிவிடுகிறது. அந்த வகையில் உப்பைவிடவும் சோப்பைவிடவும் சுத்தம். ஆனால் ஆவியாகும் முன் அது கல்லைத் தின்கிறது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீத வினிகர். 5 லிட்டரில் 100 மில்லி சேர்த்தால் உள்ளே 4 கிராம் அமிலம். தரையில் தங்கும் 1.1 லிட்டரில் 0.9 கிராம். 60 கிராம் அசிட்டிக் அமிலம் 50 கிராம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும் என்பது வேதியியல் பாடம். ஆகவே ஒரு நாளைக்கு 0.7 கிராம் கல் கரையும். 56 சதுர மீட்டருக்குப் பரப்பினால் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆண்டு முழுக்கச் சேர்த்தால், தரை மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கரைந்திருக்கும். இது அற்பம் என்று தோன்றலாம். பளபளப்பு என்பது ஒளியலையின் அளவுக்கு நிகரான வழவழப்பு. ஒளியின் அலைநீளமோ இதைவிட மூன்று நான்கு மடங்கு குறைவு. அதனால் ஒரே ஆண்டில் பாலிஷ் மங்கிவிடும். மாவரைப்பது போலத் தேய்த்தாலும் அந்தப் பளபளப்பு திரும்பாது. மறுபடி பாலிஷ் இயந்திரம்தான் ஓட்ட வேண்டும்.

எந்தத் தரைக்கு இந்த ஆபத்து? பளிங்குக்கு உண்டு. மொசைக்குக்கு உண்டு, அது சிமென்டில் பதித்த பளிங்குச் சில்லுதான். ஆத்தங்குடிக் கல்லுக்கு உண்டு; சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் சாயமும் சிமென்டும் மணலும் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் கல் அது. அதன் முகம் முழுக்கச் சிமென்ட். பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரையும் அப்படியே. சமையல் மேடையிலும் திண்ணையிலும் கிடக்கும் கடப்பைக்கல், கறுப்பாக இருப்பதால் கிரானைட் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்த இடத்தில் வெள்ளையாகத் தடம் விழுவது அதனால்தான். உண்மையான கிரானைட்டுக்கும் விட்ரிஃபைட் டைலுக்கும் வினிகர் ஒன்றும் செய்யாது. டைல்களுக்கு இடையில் சிமென்டால் பூசிய இணைப்பை மட்டும் அரிக்கும்.

உங்கள் தரை எது என்று தெரியாவிட்டால், கட்டில் மறைக்கும் மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வந்தாலோ, சிறிது நேரம் கழித்துத் துடைத்த இடம் மங்கலாகத் தெரிந்தாலோ அந்த வீட்டில் வினிகரும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், புளியும் வேண்டாம்.

வினிகருக்கு உரிய இடமும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீட்டில் டைல் தரையில் வெள்ளைப் படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. 600 உள்ள நீரில் துடைத்தால் நாளொன்றுக்கு 0.66 கிராம் சுண்ணாம்பு தரையில் காயும், 30 நாளில் 20 கிராம். அதைக் கரைக்க 24 கிராம் அமிலம், அதாவது 600 மில்லி வினிகர். எனவே விட்ரிஃபைட் டைல் போட்ட வீட்டில் மாதம் ஒருமுறை, படலம் தெரியும் இடங்களில் மட்டும், ஒரு பாட்டில் வினிகர் சரியான செலவு. தினமும் ஊற்றத் தேவையில்லை.

வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து நுரை பொங்கவிடும் குறிப்பைக் கேட்காதவர் இல்லை. ஒரு மேசைக்கரண்டி சோடா 14 கிராம். அதற்குச் சமமான அமிலம் 250 மில்லி வினிகரில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாலு லிட்டர் கரியமில வாயு பொங்கிப் போகும். பாத்திரத்தில் மிஞ்சுவது 14 கிராமுக்குச் சற்றுக் குறைவான சோடியம் அசிடேட் உப்பும் தண்ணீரும். சுத்தம் செய்யும் குணம் இரண்டிலுமே தீர்ந்துவிடுகிறது. எண்ணெய்க் கறைக்குச் சோடாவைத் தனியாகப் போடுங்கள், சுண்ணாம்புக் கறைக்கு வினிகரைத் தனியாக. பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகர், எலுமிச்சை, கழிவறை அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு. கதவடைத்த குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும்.

காவித் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் தேங்காய் எண்ணெய் ஆளிவிதை எண்ணெயைப் போல உலர்ந்து இறுகாது, ஈரமாகவே இருக்கும். 100 சதுர அடிக்கு ஒரு தேக்கரண்டி, 5 மில்லி. அதற்கு மேல் விட்டால் வழுக்கும், தூசியும் பிடிக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

வாசலுக்கு வருவோம். 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை என்றால் நடுவரிசையில் 15, மேலும் கீழும் 14 முதல் 8 வரை. மொத்தம் 169 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 5 சென்டிமீட்டர் விட்டால் கோலம் 70 சென்டிமீட்டர் அகலம் வரும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவரக் கோடு சுமார் 15 சென்டிமீட்டர் ஓடும். ஆகக் கோட்டின் நீளம் 25 மீட்டர். அரிசி மாவில் மீட்டருக்கு 2 கிராம் என்றால் 50 கிராம். 30 நாளுக்கு ஒன்றரைக் கிலோ. கல்மாவு கனமானது, அதே கோட்டுக்கு இரு மடங்கு எடை பிடிக்கும், 3 கிலோ. கிலோ 60 ரூபாய் அரிசி மாவுக்கு 90 ரூபாய், கிலோ 15 ரூபாய் கல்மாவுக்கு 45 ரூபாய். வித்தியாசம் 45 ரூபாய். அந்தப் பணத்துக்கு மாதம் முழுக்க எறும்பும் அணிலும் குருவியும் ஒன்றரைக் கிலோ மாவு தின்னும். எனக்கு இதில் இரண்டாம் யோசனையே இல்லை.

கல்மாவில் இன்னொரு கேடும் உண்டு. வெங்கச்சங்கல்லைப் பொடித்த மாவின் கடினம் மோஸ் அளவில் 7. பளிங்கின் கடினம் 3. வாசலில் மிதித்த கால் உள்ளே நடந்தால் அந்தப் பொடி தரையைக் கீறும். வாங்கிய மாவில் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல் மாவு, அவ்வளவு மோசமில்லை. நுரைக்காவிட்டால் நிலைப்படிக்கு வெளியே ஒரு சாக்கு மிதியடி கட்டாயம் போடுங்கள். அதுவே துடைக்கும் வேலையில் பாதியைக் குறைக்கும். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் பூசணிப்பூவுக்குச் செலவில்லை. காய்க்காத ஆண்பூக்கள் கொடியில் ஏராளம். அவற்றைப் பறித்தால் காய்ப்புக் குறையாது.

வாசல் தெளிக்கச் சாணம் கிடைக்காதபோது கொங்குப் பகுதியில் விற்கும் சாணிப்பவுடரை வாங்குகிறார்கள். அதில் சாணம் ஒரு துளியும் இல்லை. மஞ்சள் நிறத்துக்கு ஆரமின், பச்சை நிறத்துக்கு மாலகைட் கிரீன் என்ற சாயங்கள். வயிற்றில் போனால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. அந்தப் பொட்டலம் வீட்டில் இருக்கவே கூடாது. வெறும் தண்ணீர் தெளித்த வாசல் எவ்வளவோ மேல்.

சுண்ணாம்புக் கணக்கு சுலபம். 40 அடி நீளமும் 5 அடி உயரமும் கொண்ட சுற்றுச்சுவரின் ஒரு பக்கம் 200 சதுர அடி, 18.6 சதுர மீட்டர். மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டுமானக் குறிப்பு ஒரு கிலோ கற்சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீரும் 3 கிராம் வரை நீலமும் சொல்கிறது. சதுர மீட்டருக்கு 150 மில்லி வீதம் இரண்டு பூச்சுக்கு ஐந்தரை லிட்டர் பால். ஆகப் பக்கத்துக்கு ஒரு கிலோ, இரு பக்கமும் 2 கிலோ. கல்லில் தண்ணீர் விடும்போது ஒரு கிலோவிலிருந்து எழும் சூடு மூன்றரை லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதனால் பிளாஸ்டிக் வாளியில் தாளிக்காதீர்கள், குனிந்து பார்க்காதீர்கள். சுவரில் ஏறிய ஒரு கிலோ கற்சுண்ணாம்பு, காற்றிலிருந்து 0.79 கிலோ கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி 1.79 கிலோ சுண்ணாம்புக் கல்லாகிறது. சூளையில் அந்தக் கல்லை விட்டுப் பிரிந்ததும் அதே அளவுதான்.

நிலைக்கு மாவிலைத் தோரணம். மூன்றரை அடி நிலைக்கு, இலை 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் 21 இலை. போகியன்று கொங்கு நாட்டில் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. இவை காய்ந்ததும் குப்பையில் சேராது, உரக்குழிக்குப் போகும். 10 வாட் எல்.இ.டி. சரம் தினமும் 6 மணி நேரம் எரிந்தால் மாதம் 1.8 யூனிட், கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

மாதச் செலவு:

அரிசி மாவு, 1.5 கிலோ: 90 ரூபாய்
கற்சுண்ணாம்பு, 2 கிலோ: 60 ரூபாய்
நீலம், 6 கிராம்: 10 ரூபாய்
சோப்புத் திரவம், 150 மில்லி: 30 ரூபாய்
பூந்திக்கொட்டை, 100 கிராம்: 25 ரூபாய்
வினிகர், ஒரு பாட்டில் (டைல் தரைக்கு மட்டும்): 50 ரூபாய்
மாவிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ: 40 ரூபாய்
மொத்தம்: 305 ரூபாய்

தண்ணீரை ரூபாயில் எழுத முடியாததால் லிட்டரில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 5 லிட்டர் வீதம் மூன்று முறை மாற்றினால் 15 லிட்டர், மாதம் 450 லிட்டர். நகர்ப்புற வழங்கலுக்கான தேசிய அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஆக இது ஒருவரின் மூன்று நாள் தண்ணீருக்கு மேல். வீட்டைக் கழுவிவிடுகிறேன் என்று குழாயைத் திறந்து 2 மில்லிமீட்டர் ஆழம் நீர் ஓடவிட்டால் ஒரே தடவையில் 112 லிட்டர் போகும். ஒரு வாரத் துடைப்புத் தண்ணீரைவிட அதிகம்.

பட்டியலில் வராத இனம் நேரம். துடைக்க 40 நிமிடம், வாசல் தெளித்துக் கோலமிட 30 நிமிடம் என்றால் மாதம் 35 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளில் நாலு நாளுக்கு மேல். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வேலையைச் செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். கோலம் விரும்பி இடுவதாக இருக்கலாம். அந்த 15 மணி நேரத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். துடைப்பின் 20 மணி நேரத்தை வீட்டு ஆண்கள் இந்த மார்கழியிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டியவை ஒரு வாளி, பிழிந்த துணி, 5 மில்லி சோப்பு.