விமானம் நிலம்விட்டெழும் வேளை

ஆகாய விமானத்திற் பயணஞ் செய்யும் ஒருவர் இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டு சாளரத்தின் வழியே வெளியே நோக்குகின்றார். தென்னைகளும் கட்டடங்களும் பின்னோக்கி விரைகின்றன. முதுகு இருக்கையோடு அழுந்துகின்றது; இரைச்சல் மிகுகின்றது. திடீரெனச் சில்லுகளின் அதிர்வு அடங்க, நிலம் தானே கீழிறங்கிப் போவதுபோலத் தோன்றுகின்றது. எல்லாம் ஏறக்குறைய முக்கால் நிமிடத்துள் முடிந்துவிடும். அந்த முக்கால் நிமிடத்தில், பூட்டிய கதவுக்கு அப்பால் விமானத்தின் மூக்குப் பகுதியில் அமர்ந்திருக்கும் இருவர் எதனைக் காண்கின்றனர், எதனைச் செய்கின்றனர் என்பதைப் பின்னால் இருப்போர் அறிவதில்லை.

முன்னொரு காலத்தில், விமானத் தலைவரின் அனுமதியுடன் பயணிகள், சிறப்பாகச் சிறுவர்கள், விமானியறைக்குட் சென்று பார்த்துத் திரும்புவது பல விமான சேவைகளில் வழக்கமாயிருந்தது. 2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின்னர் அவ்வழக்கம் ஒழிந்தது. குண்டு துளைக்காத கதவுகள் பொருத்தப்பட்டன. பறக்கும் வேளையில் அவை பூட்டப்பட்டே இருக்கும். ஆதலின், அவ்வறையை இன்று சொல்லினாலேயே காட்டவேண்டியுள்ளது.

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் மாநகருக்குப் புறப்படும் எயர்பஸ் ஏ330-300 வகை விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கைகள் நுனிக்கு நுனி 60 மீற்றர். 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்த தூரம் 120 அடி, அதாவது 37 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மனிதன் இயந்திர வலுவினால் முதலிற் பறந்த பறப்பு முழுவதையும் இவ்விமானத்தின் இறக்கை அகலத்துக்குள் அடக்கிவிடலாம். பயணிகள், பொதிகள், பதினொரு மணி நேரப் பயணத்துக்குரிய 60 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் யாவும் ஏறியபின் அதன் நிறை 230 தொன் அளவில் இருக்கும். இத்துணைப் பாரத்தை வானத்துக்கு ஏற்றும் பொறுப்பு விமானத் தலைவர், துணை விமானி ஆகிய இருவருடையது. ஒருவர் விமானத்தைச் செலுத்துவார்; மற்றவர் கருவிகளைக் கண்காணித்து அறிவிப்பார். துணை விமானி செலுத்துவதும், தலைவர் கண்காணிப்பதும் உண்டு.

விமானம் எழும் செயல் ஓடுபாதையில் தொடங்குவதன்று, கணக்கில் தொடங்குவது. விமானத்தின் நிறை எவ்வளவு? காற்று எத்திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசுகின்றது? வெப்பநிலை என்ன? பாதை உலர்ந்துள்ளதா, மழையில் நனைந்துள்ளதா? கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர் நீளமுடையது. அந்நீளத்துள் யாவும் அடங்கவேண்டும். வெப்பம் மிகுந்த நண்பகலிற் காற்று அடர்த்தி குறைந்து மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் எஞ்சினின் வலுவுங் குறையும். இறக்கையின் தாங்குதிறனுங் குறையும். ஆதலால், ஒரே விமானம் குளிர்ந்த விடியற்காலையில் ஓடும் தூரத்தினும் கூடிய தூரத்தைச் சித்திரை வெயிலில் ஓடவேண்டியிருக்கும்.

காற்றின் திசை இன்னும் முதன்மையானது. தைமாத வானத்திற் பட்டம் ஏற்றும் யாழ்ப்பாணத்துச் சிறுவன் எவனும் காற்று வீசும் திசையோடு ஓடமாட்டான். அதனை எதிர்த்தே ஓடுவான். விமானமும் அவ்வாறே. இறக்கை அறிவது நிலத்தின் மீதுள்ள வேகத்தையன்று, காற்றின் ஊடான வேகத்தையே. எதிர்க்காற்று வீசின், அதன் வேகம் விமானத்துக்கு இலவசமாகக் கிடைத்த முதலாகும். ஆகவே சோளகம் வீசும் மாதங்களில் விமானம் தென்மேற்கு நோக்கியும், வாடை வீசும் மாதங்களில் வடகிழக்கு நோக்கியும் எழுவது பொருத்தம்.

இக்கணக்குகளில் நிறை பற்றிய கணக்கே அடித்தளம். ஓர் இலக்கம் பிழைத்தால் நேரக்கூடியது யாது என்பதை அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 2009 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள் இரவு நிகழ்ந்த சம்பவம் காட்டுகின்றது. துபாய்க்குப் புறப்பட்ட ஏ340-500 வகை விமானம் ஒன்றின் நிறை 362.9 தொன். கணிப்பொறியில் அது 262.9 தொன் எனப் பதியப்பட்டது. மூன்று என்ற இலக்கத்தின் இடத்தில் இரண்டு! பாரம் குறைவாயும் பாதை நீண்டதாயும் இருக்கும்போது எஞ்சின்கள் தேயாதிருத்தற்பொருட்டு முழு வலுவையும் பயன்படுத்தாது குறைந்த வலுவில் எழுவது வழக்கம். கணிப்பொறியோ, நூறு தொன் குறைந்த ஒரு விமானத்துக்குரிய வலுவையும் வேகங்களையும் தந்தது. விமானியறையில் நால்வர் இருந்தும் பிழை கண்ணிற் படவில்லை. மூக்கை உயர்த்தியபோது விமானம் எழவில்லை. வால் ஓடுபாதையில் உராய்ந்தது. விமானத் தலைவர் உடனே முழு வலுவையும் கொடுத்தார். பாதை முடிந்து அப்பாலும் ஓடிய விமானம், அங்கிருந்த வானலைக் கம்ப அமைப்பில் மோதிக்கொண்டே மேலெழுந்தது. பின்னர் கடலுக்கு மேலாகச் சென்று எரிபொருளைக் கழித்துவிட்டு அதே நிலையத்திற் பத்திரமாக இறங்கியது. அதிலிருந்த 275 பேரில் எவருக்கும் காயமில்லை. பள்ளிக்கூடக் கணக்கில் ஓர் இலக்கம் பிழைத்தால் ஒரு புள்ளி போகும்; அங்கே 275 உயிர்கள் போகவிருந்தன.

கணக்கு முடிந்தபின் வருவது சரிபார்ப்புப் பட்டியல். ஒருவர் வினாவ, மற்றவர் கருவியைப் பார்த்து விடையிறுப்பார். பல்லாயிரம் மணி நேரம் பறந்த விமானியும், மனப்பாடமாய் அறிந்ததையே மீண்டும் பட்டியலைப் பார்த்துச் சொல்லுவார். இம்முறை தோன்றியதற்கு ஒரு துயரமே காரணம். 1935 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் விமானம் ஒன்று சோதனைப் பறப்பிற்காக எழுந்து, செங்குத்தாக ஏறி வீழ்ந்து எரிந்தது. விமானத்திற் பழுது எதுவுமில்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதபடி வாற்பகுதியைப் பூட்டிவைக்கும் பூட்டினைத் திறக்க மறந்துவிட்டனர். தேர்ந்த விமானிகள் இருவர் உயிரிழந்தனர். இத்தகைய விமானத்தை மனித நினைவாற்றலை மட்டும் நம்பிச் செலுத்துதல் இயலாது என உணர்ந்த பின்னரே, செய்யவேண்டியவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறை நிலைபெற்றது. எனினும் மறதி முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2008 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20 ஆம் நாள் மட்ரிட் நகரில் ஒரு விமானம், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்கள் இறக்கப்படாமலே எழ முயன்று வீழ்ந்தது. எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை. 154 பேர் மாண்டனர்.

அம்மடல்கள் எதற்கு என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். இறக்கை தன் வளைவினாலும் சாய்வினாலும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. அதற்கு எதிர்விளைவாகக் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. வேகம் இருமடங்கானால் இத்தாங்குவிசை நான்மடங்காகும். இவ்விமானத்தின் இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 360 சதுர மீற்றர். 230 தொன்னை அதன்மீது பகிர்ந்தால், ஒவ்வொரு சதுர மீற்றரும் 600 கிலோகிராமுக்கு மேல் தாங்கவேண்டும். மடல்களை இறக்கும்போது இறக்கையின் வளைவும் பரப்பும் கூடுகின்றன. அதனாற் குறைந்த வேகத்திலேயே வேண்டிய விசை கிடைக்கின்றது. மடல் இல்லையேல் பாதை போதாது.

இனி விமானம் ஓடுபாதையின் தலைப்பில் வந்து நிற்கின்றது. விமானியின் கண்முன்னே வெண்கோடுகள் நெடுந்தூரம் சென்று ஒரு புள்ளியிற் சேர்வனபோலத் தோன்றும். பக்கச் சாளரத்தில் ஒருபோதும் காணமுடியாத காட்சி அது. கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றின் திசையையும் வேகத்தையும் கூறி அனுமதி வழங்குகின்றது. வலுவைக் கட்டுப்படுத்தும் இரு நெம்புகோல்களும் முதலிற் சிறிதளவே முன்தள்ளப்படுகின்றன. இரண்டு எஞ்சின்களும் ஒத்த வேகத்துக்கு வந்துவிட்டனவா என்று பார்த்த பின்னரே, குறித்த நிலை வரை தள்ளப்படும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் விமானம் பாதையினின்றும் விலகும். ஒவ்வோர் எஞ்சினும் ஏறக்குறைய 70,000 இறாத்தல் விசையுடன் உந்தவல்லது.

விமானம் நகர்கின்றது, பின்னர் விரைகின்றது. செலுத்துபவர் கண்களைப் பாதையின் நடுக்கோட்டில் வைத்து, காலால் மிதிகளை அழுத்தி நேராக ஓட்டுகின்றார். கண்காணிப்பவர் வேகமானியையும் எஞ்சின் அளவுகளையும் மாறிமாறி நோக்குகின்றார். வேகத்தை அவர்கள் "நொட்" என்னும் அளவில் எண்ணுவர். ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீற்றர்.

"நூறு நொட்" என்று கண்காணிப்பவர் அறிவிக்கின்றார். மற்றவர் தம் முன்னுள்ள வேகமானியும் அதனையே காட்டுகின்றதா என்று பார்த்து ஒப்புக்கொள்கின்றார். இது வெறுஞ் சடங்கன்று. 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாள் டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட போயிங் 757 விமானமொன்றில், தலைவரின் வேகமானி ஓடுபாதையிலேயே சரியாக இயங்கவில்லை. அதனை அறிந்தும் நிறுத்தாமல் எழுந்தனர். பின்னர் எவ்வேகம் மெய், எவ்வேகம் பொய் என்று தெளியமாட்டாது மயங்கி, விமானம் கடலில் வீழ்ந்து 189 பேரும் இறந்தனர். வேகத்தை அளக்கும் சிறு குழாயினுள் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதே விசாரணையாளரின் கருத்து. வீட்டுத் திறப்புத் துவாரத்தில் மண்கூடு கட்டும் அதே இனப் பூச்சி!

நூறு நொட்டுக்குக் கீழ் எச்சரிக்கை எதுவாயினும் விமானத்தை நிறுத்தலாம். அதன் மேல் நிறுத்துவது ஆபத்து மிகுந்தது. ஆகவே எஞ்சின் தீப்பற்றல், எஞ்சின் செயலிழத்தல் போன்ற பெருங் காரணங்களுக்கன்றி நிறுத்தமாட்டார்கள். செலுத்துபவர் துணை விமானியே ஆயினும், இவ்வேளையில் வலு நெம்புகோல்களின் மீது இருப்பது விமானத் தலைவரின் கையே. நிறுத்துவதா, தொடர்வதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அக்கையிலேயே உள்ளது.

அடுத்து வருவது இப்பறப்பு முழுவதிலும் இறுக்கமான கணம். "வீ வன்" என்ற குரல் கேட்கின்றது. தீர்மான வேகம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். இவ்விமானத்துக்கு அது 140 நொட் அளவில் இருக்கலாம். அன்றன்றைய நிறைக்கும் பாதைக்கும் ஏற்ப மாறும். அவ்வேகத்தை எட்டும்வரை, எஞ்சஞ்சியுள்ள பாதைக்குள் நிறுத்திவிட முடியும். அதனைக் கடந்தபின் நிறுத்த முயன்றால் பாதை போதாது. அதன்பின் ஓர் எஞ்சின் நின்றுபோயினும், எஞ்சிய ஒன்றினைக் கொண்டு எழுந்தே ஆகவேண்டும். ஒற்றை எஞ்சினுடனும் பாதையின் முடிவில் 35 அடி உயரத்தை அடைந்து, தொடர்ந்து ஏறவல்லதாக விமானம் அமைக்கப்பட்டும், நிறை கணக்கிடப்பட்டும் இருக்கின்றது. "வீ வன்" என்ற சொல் கேட்டவுடன் விமானத் தலைவர் நெம்புகோல்களினின்றும் தம் கையை எடுத்துவிடுகின்றார். அச்சத்தினால் கை தானாகப் பின்னிழுத்துவிடக் கூடும் அல்லவா? அந்த வாய்ப்பையே இல்லாமற் செய்வதற்காக எடுக்கப்படுகின்றது. மனித மனம் தடுமாறக்கூடும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு வகுத்த விதி இது.

சில நொடிகளில் "ரொட்டேட்" என்னும் அறிவிப்பு. செலுத்துபவர் தம் பக்கத்திலுள்ள சிறு கைப்பிடியை மெல்லப் பின்னிழுக்கின்றார். மூக்கு வினாடிக்கு மூன்று பாகை அளவில் உயர்கின்றது. விரைந்து உயர்த்தினால் வால் நிலத்தில் இடிக்கும். தாமதித்தால் பாதை வீணாகும். ஓடுபாதை கண்ணினின்றும் மறைந்து, முன்சாளரம் முழுவதும் வானமாகின்றது. இனி வழிகாட்டுவன கருவிகளே. உயரமானியின் எண் கூடுவதைக் கண்டு, "பொசிற்றிவ் கிளைம்ப்" என்று கண்காணிப்பவர் கூறுகின்றார். ஏற்றம் உறுதி என்பது பொருள். "கியர் அப்" என்று மற்றவர் பணிக்க, பத்துச் சில்லுகளும் உள்ளிழுக்கப்படுகின்றன. பயணிகள் கேட்டு அஞ்சும் "தடார்" என்ற ஓசை, சில்லறைக் கதவுகள் மூடும் ஓசையே. அப்போது தென்மேற்கு நோக்கி எழுந்த விமானத்தின் கீழே நீர்கொழும்புக் களப்பு பளிச்சிட்டுப் பின்தங்குகின்றது, அப்பால் பெருங்கடல்.

சிறிது நேரத்தில் எஞ்சின்களின் இரைச்சல் தணியும். புதிய பயணி, எஞ்சின் நின்றுவிட்டதோ என்று திடுக்கிடுவார். எழுதற்குரிய வலுவை ஏறுதற்குரிய வலுவாகக் குறைக்கின்றனர், அவ்வளவே. வேகம் கூடக்கூட மடல்களும் ஒவ்வொன்றாக உள்வாங்கப்படும். எனினும், 10,000 அடி உயரம் கடக்கும்வரை விமானியறையில் வேலைக்குப் புறம்பான பேச்சு எதுவும் நிகழாது. ஐக்கிய அமெரிக்கா 1981 ஆம் ஆண்டில் இதனைச் சட்டமாக்கியது. வீண்பேச்சினாற் கவனம் சிதறி நேர்ந்த விபத்துக்களே அதற்குக் காரணம்.

அம்முக்கால் நிமிடத்தில் விமானிகள் பேசிய சொற்களை எண்ணினால் இருபதுக்கு மேற் போகாது. பெரும்பாலான நாட்களில், அச்சொற்களுக்கு அப்பால் எதுவும் நிகழ்வதுமில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும், இன்றுதான் ஓர் எஞ்சின் நிற்கப்போகின்றது என்று எண்ணியே அவர்கள் கையை நெம்புகோலில் வைக்கின்றனர். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால், அதனைச் சொல்லாமல் விட்டதனாலோ, கேட்டும் பொருட்படுத்தாததனாலோ உயிரிழந்த யாரோ சிலர் இருக்கின்றனர். அடுத்த முறை சாளரத்தோரம் அமர்ந்து தென்னைகள் பின்னோக்கி விரைவதைக் காணும் பயணி, பூட்டிய கதவுக்கு அப்பால் ஒரு கை நெம்புகோலினின்றும் எடுக்கப்படும் அந்த நொடியையும் நினைத்துக்கொள்ளலாம்.