நோயாளியின் நிம்மதியைக் கஞ்சா மருந்து கூட்டுமா?

சுவா சூ காங்கில் ஒரு வீவக வீடு என்று வைத்துக்கொள்வோம். முற்றிய புற்றுநோயுள்ள முதியவரைப் பார்க்கத் தாதி வந்திருக்கிறார். “ஐயா, இன்னிக்கு வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க” என்று கேட்கிறார். சோர்வு, குமட்டல், பசி, மூச்சுத் திணறல், கவலை என்று கேள்விகள் தொடர்கின்றன. ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதை எண்ணாக மாற்றும் இந்த முறை 1991ல் கனடாவின் எட்மன்டன் நகரில் உருவானது. இன்று அதில் ஒன்பது கேள்விகள் உள்ளன.

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் துன்பத்தைக் குறைக்கலாம். அதுவே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. சிங்கப்பூரில் 1985ல் செயின்ட் ஜோசப் இல்லம் இதற்கெனப் படுக்கைகளை ஒதுக்கியது. பின்னர் 1989ல் தொடங்கிய சங்கமே இன்று வீடுகளுக்கே சென்று கவனிக்கும் எச்சிஏ ஹோஸ்பிஸ்.

இதில் கஞ்சாவைப் பற்றிய பேச்சு ஏன் வருகிறது?

கஞ்சாச் செடியில் உள்ள பல வேதிப்பொருள்களில் இரண்டு முக்கியமானவை. டிஎச்சி போதை தருவது. சிபிடி போதை தராதது. நம் மூளையிலும் நரம்புகளிலும் டிஎச்சி பொருந்தும் ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல அது அங்கே பொருந்தி வலி, குமட்டல், பசி ஆகியவற்றின் சமிக்ஞைகளை மாற்றுகிறது. நம் உடலே அத்தகைய சாவி ஒன்றைத் தயாரிக்கிறது. அதை 1992ல் கண்டறிந்தவர்கள், ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து ‘ஆனந்தமைட்’ என்று பெயரிட்டனர். புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைக் கட்டுப்படுத்த, ஆய்வகத்தில் தயாரித்த டிஎச்சி மாத்திரைக்கு அமெரிக்கா 1985லேயே அனுமதி அளித்தது. ஆனால் டிஎச்சியால் தலைசுற்றல், மயக்கம், குழப்பம் வரலாம். முதியோருக்கு இவை ஆபத்தானவை.

போதை தராத சிபிடி நோயாளியின் நிம்மதியைக் கூட்டுமா? ஆஸ்திரேலியாவில் முற்றிய புற்றுநோயாளிகள் 144 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிபிடி எண்ணெய், இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத எண்ணெய். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு குழுக்களுக்கும் வழக்கமான நோய்த்தணிப்புப் பராமரிப்பு தொடர்ந்தது. பதினான்காம் நாள் அதே கேள்விகளின் எண்களைக் கூட்டிப் பார்த்தனர். இரு குழுக்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முன்பைவிடத் தேவலை என்றனர். ஆனால் சிபிடி குழு தனித்து முன்னேறியதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மருந்தில்லா எண்ணெய்க் குழு இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? “பாதிப் பேர் தேறினர், எண்ணெய் வேலை செய்கிறது” என்று விளம்பரம் வந்திருக்கும். நல்ல கவனிப்பும், மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையும்கூட மனிதரைத் தேற்றக்கூடியவை. ஒப்பீட்டுக் குழு இருந்தால்தான் மருந்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க முடியும். இந்த ஆய்வு சிபிடியைப் பற்றியது மட்டுமே. மற்றக் கலவைகளைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கஞ்சா ‘ஏ’ வகுப்புப் போதைப்பொருள். வைத்திருப்பதும் உட்கொள்வதும் குற்றம். எனினும் மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயுள்ள ஒரு சிலருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் சுத்திகரித்த சிபிடி மருந்து அனுமதிக்கப்பட்டது. கசகசாச் செடியின் பாலிலிருந்து வரும் மார்ஃபினும் அதே சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டதுதான். ஆயினும் அளவு தெரிந்து, சோதிக்கப்பட்டு, மருத்துவர் சீட்டுடன் வரும்போது, அது புற்றுநோய் வலிக்கு முக்கிய மருந்து.

ஆகவே ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா என்பதைவிட, அது சோதனையில் தேறியதா என்பதே முக்கியம். அதற்கான விடை, அந்த முதியவர் தாதியிடம் சொல்லும் எண்ணிலிருந்தே தொடங்குகிறது.