'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சிட்டால் போதுமா?

வேளச்சேரி, பெருங்குடி, திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையங்களானாலும் சரி, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மின்ரயில் நிலையங்களானாலும் சரி, காலை அவசரத்தில் டூவீலர் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் கிடைப்பதே அரிது. வீட்டிலிருந்து நிலையம் வரை வண்டி, அங்கிருந்து ரயில் என்றுதான் புறநகர்க்காரர்களின் பிழைப்பு ஓடுகிறது. வண்டியை விடுகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். ரயிலைப் பிடிக்கிற ஓட்டத்தில் அதைப் படிக்க யாருக்கு நேரம்? படித்தால், பல சீட்டுகளில் அடியில் பொடி எழுத்தில் இந்த வாசகம் இருக்கும்: வாகனம் உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது, திருட்டுக்கோ சேதத்துக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல.

இந்த ஒற்றை வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வண்டியைப் பறிகொடுத்தவர்கள் வாய்மூடி வீடு திரும்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஒருவர் தன் பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதற்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவு தொடங்கி விதிகள் இருக்கின்றன. சலவைக்குக் கொடுத்த பட்டுப்புடவை, பழுதுபார்க்கக் கொடுத்த கைக்கடிகாரம் எல்லாம் அதில் அடக்கம். வாங்கி வைத்தவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அத்தனை கவனமாக இருந்தும் பொருள் போய்விட்டால் 152-ஆம் பிரிவு அவரை விடுவிக்கும். ஆனால் கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டியவர் அவர்தான். பறிகொடுத்தவர் தலையில் அந்தச் சுமையை ஏற்ற முடியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. 1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஓட்டலுக்கு இரவில் வந்த ஒருவர், தன் மாருதி ஸென் காரையும் சாவியையும் வாசலில் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறு யாரோ அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து ஓட்டல் மீது நுகர்வோர் வழக்குப் போட்டது. டோக்கனிலேயே 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருக்கிறோமே என்றது ஓட்டல். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது: தன் அல்லது தன் ஊழியரின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பிலிருந்து இப்படி ஒரு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது, போதிய கவனம் எடுத்தோம் என்பதை ஓட்டல்தான் முதலில் நிரூபிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வழக்கில் சாவி கைமாறியது. ரயில் நிலைய ஸ்டாண்டில் வண்டியை நாமே நிறுத்தி, சைடு லாக் போட்டு, சாவியோடு ரயில் ஏறுகிறோம். 'இடத்தைத்தான் வாடகைக்கு விட்டோம், வண்டியை வாங்கி வைக்கவில்லை' என்று ஸ்டாண்டை நடத்தும் குத்தகைதாரர் வாதாடுவார். அதற்குப் பதில் அவருடைய நடைமுறையிலேயே இருக்கிறது. பணம் வாங்கினாரா, டோக்கன் கொடுத்தாரா, டோக்கனைக் காட்டாமல் வண்டியை வெளியே விட மறுக்கிறாரா, வாசலில் ஆள் போட்டிருக்கிறாரா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால், வண்டி அவர் பொறுப்பில் இருந்தது என்று வாதிட வலுவான அடிப்படை கிடைக்கிறது. அதனால் அந்தத் துண்டுச் சீட்டை வாங்கியவுடன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வண்டி எண்ணும் தேதியும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். மாத பாஸ் வைத்திருப்பவர்கள் பழைய பாஸைக் கிழித்துப் போடக் கூடாது. ஸ்டாண்டில் இடமில்லையென்று மேம்பாலத் தூணடியிலோ சாலையோரத்திலோ காசு கொடுக்காமல் நிறுத்திய வண்டிக்கு இந்த வழி எதுவும் திறக்காது.

வண்டி காணவில்லை என்று தெரிந்ததும் முதல் சில மணி நேரத்தில் செய்வதுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரயில்வே வளாகத்தில் காக்கிச் சட்டை போட்டவர்கள் இரண்டு வகை. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசைச் சேர்ந்தது. திருட்டு வழக்கைப் பதிவு செய்வது தமிழ்நாடு காவல்துறையின் பிரிவான ரயில்வே போலீஸ். அவர்களுடைய உதவி எண் 1512. எல்லை எங்களுடையது இல்லை என்று அலைக்கழிக்க இப்போது வழியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தந்தாக வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தமிழ்நாட்டில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, 'கிடைத்தால் கூப்பிடுகிறோம்' என்று அனுப்பிவிடுவது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான அத்தாட்சிதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆரை. அதோடு, தேடியும் வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றும் வேண்டும். திருடுபோன வண்டி வேறு குற்றத்துக்குப் பயன்பட்டால் முதலில் தேடிவருவது பதிவுச் சான்றில் பெயருள்ளவரைத்தான். அப்போது கைகொடுப்பதும் எஃப்.ஐ.ஆரில் உள்ள தேதியே. அன்றைக்கே ஸ்டாண்ட் நிர்வாகத்துக்கும் நிலைய மேலாளருக்கும், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு எந்த விசாரணையிலும் மதிப்பில்லை.

அடுத்தது இன்ஷூரன்ஸ். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஷோரூமில் வண்டி எடுக்கும்போதே அதைச் சேர்த்துவிடுகிறார்கள். 'அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு' என்று உரிமையாளர் நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் திருட்டுக்கும் வண்டியின் சேதத்துக்கும் பணம் தருவது அந்தக் காப்பீடு அல்ல, சொந்தச் சேதக் காப்பீடு. பல பாலிசிகளில் அது ஒரே ஒரு ஆண்டுக்குத்தான் இருக்கும். புதுப்பிக்காமல் விட்டால், இரண்டாம் ஆண்டில் ஸ்டாண்டிலிருந்து போகும் வண்டிக்கு ஒரு ரூபாய் கூட வராது. பாலிசித் தாளில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் இன்றைக்கே அதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பரில் வேளச்சேரி மூழ்கியபோது வண்டியை இழந்தவர்களுக்கும் இதே கதிதான். சொந்தச் சேதக் காப்பீடு இருந்தவர்களுக்கே வழி இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் ஆபத்து. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து அதனால் வரும் சேதத்தை நிறுவனங்கள் ஏற்க மறுப்பது வழக்கம்.

திருட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஏதோ காரணத்தால் தாமதமாகிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. குர்ஷிந்தர் சிங் என்பவரின் டிராக்டர் திருடுபோன வழக்கில், போலீசில் உடனே புகார் செய்திருந்தால் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஸ்டாண்ட் மீது வழக்குப் போட மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை வைத்துத்தான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்தின் எல்லையையும் கட்டணத்தையும் கணக்கிடுகிறது. கொடுத்தது ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணமே இல்லை; வண்டி நிறுத்தக் கொடுத்தது சில பத்து ரூபாய்தானே. குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். குத்தகைதாரரோடு, இடத்தைக் குத்தகைக்கு விட்ட ரயில்வே கோட்ட நிர்வாகத்தையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பது நல்லது. எப்படித் தொடங்குவது என்று கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கு முன்னால் பத்து ரூபாயில் ஒரு காரியம் செய்யலாம். அந்த ஸ்டாண்டின் குத்தகை ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரயில்வேயிடம் கேட்பது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். காவலாள், கேமரா, கட்டணம் பற்றிக் குத்தகைதாரர் என்னென்ன ஒப்புக்கொண்டார் என்பது அதில் இருக்கும். ஒப்புக்கொண்டதைச் செய்யவில்லை என்றால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேறில்லை.

பலகையில் உள்ள கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கேட்பது, டோக்கன் இல்லாமல் பணம் வாங்குவது, விளக்கில்லாத மூலையில் பெண்களின் வண்டிகளைத் தள்ளி வைப்பது இவற்றையெல்லாம் ரயில்வே உதவி எண் 139-இலோ ரயில் மதத் செயலியிலோ புகார் செய்யலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஸ்டாண்டைப் பற்றிப் பலர் தனித்தனியாகப் புகார் செய்தால் குத்தகையைப் புதுப்பிக்கும்போது அது கோப்பில் நிற்கும்.

மூன்று சக்கர ஸ்கூட்டரில் வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த ஸ்டாண்டுகளில் நடக்கும் அநியாயம் தனி. உள்ளே நுழைக்க முடியாத அளவுக்கு வரிசை நெருக்கம். நுழைத்தால் எடுக்க முடியாது. ரயில் நிலையங்களில் அவர்களுக்கு ஏற்ற வாகன நிறுத்துமிடம் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. இது சலுகை கேட்கிற விஷயமே அல்ல. இடம் ஒதுக்காத நிலையத்தைப் பற்றி மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் ஒரு தாளில் எழுதிப் புகார் தரலாம். அவர்களுக்காக உடன் பயணம் செய்கிறவர்களும் எழுதலாம்.