பேஸ் பாக்ஸ் வண்டியிலதான் சாகுது

கல்ச்சுரல்ஸ் நைட் முடிஞ்சதும் ஸ்டேஜ் பக்கத்துல என்ன நடக்குதுன்னு என்னைக்காவது நின்னு பார்த்திருக்கீங்களா? நாம எல்லாரும் தொண்டை கட்டிப்போய் ஹாஸ்டலுக்கு நடையைக் கட்டிடுவோம். அங்க நாலு அண்ணன்கள் மட்டும் அரை இருட்டுல, ஆளுயரப் பெட்டிகளைக் குட்டியானையில ஏத்திக்கிட்டு இருப்பாங்க. நம்ம நெஞ்சை அதிர வெச்ச அந்த பேஸ் பாக்ஸுக்கு உண்மையான ஆபத்து அப்பதான் ஆரம்பிக்குது. பாட்டு ஓடும்போது கெட்டுப்போற பாக்ஸ் கொஞ்சம். ஏத்தும்போதும், இறக்கும்போதும், ஷெட்ல சும்மா கிடக்கும்போதும் கெட்டுப்போறதுதான் அதிகம்.

இதை நான் பாடப்புத்தகத்துல படிக்கல. என் தாய்மாமா வாலிகண்டபுரத்துல சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கார். பெரம்பலூர் தாண்டி சென்னை ரோட்டுல போனா வருமே, வாலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர், அதுதான். லீவு நாள்ல அவருக்கு ஒயர் சுத்துறது என் வேலை. (பன்னிரண்டாவது வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல எழுதுற முதல் கட்டுரை இது. பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டாதீங்க.)

போன ஆடி மாசம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. ராத்திரி லோடு ஏத்தி, விடியக்காலையில ஷெட்டுக்கு வந்தோம். தூக்கக் கலக்கத்துல நான் ஒரு பக்கத்தைப் பிடிச்சேன், கை வழுக்கிடுச்சு. பாக்ஸ் ஒரு அடி உயரத்துல இருந்து சிமென்ட் தரையில 'டொம்'னு உட்கார்ந்துச்சு. வெளியே ஒரு கீறல்கூட இல்ல. மாமா சுத்திப் பார்த்துட்டு, "சரி விடு மாப்ள"ன்னு சொல்லிட்டார். அடுத்த வாரம் ஒரு காதுகுத்து விசேஷத்துல அதே பாக்ஸ் 'கர்ர்ர்'னு கத்த ஆரம்பிச்சுது. உள்ளே காயில் உரசுது. அத்தையோட நகையை அடகு வெச்சு வாங்கின ஜோடி பாக்ஸ்ல ஒண்ணு, ஆடி சீசன் நடுவுல மூணு வாரம் சும்மா கிடந்துச்சு. மாமா ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

ஒரு அடி உயரம்தானே, என்ன ஆகிடும்?

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் போதும், கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு 18 இன்ச் ஸ்பீக்கரோட எடைல பெரும்பகுதி பின்னாடி இருக்கிற காந்தம்தான். மொத்தமா 10 கிலோன்னு வெச்சுக்கோங்க. பாக்ஸ் 30 செ.மீ. உயரத்துல இருந்து சிமென்ட் தரையில விழுந்து, 3 மி.மீ. தூரத்துக்குள்ள நின்னுடுதுன்னு வைங்க. விழுந்த உயரத்தை நின்ன தூரத்தால வகுத்தா 100. அதாவது புவியீர்ப்பைப் போல 100 மடங்கு. அந்த நொடி 10 கிலோ ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 1000 கிலோ மாதிரி தன்னைப் பிடிச்சிருக்கிற 8 போல்ட்டை இழுக்குது. காந்தம் பின்னாடி அந்தரத்துல தொங்குறதால, அதைத் தாங்குற சட்டம் வளையப் பார்க்கும்.

சட்டம் ஒரு மயிரிழை வளைஞ்சாலே போதும். காந்தத்துக்கு நடுவுல இருக்கிற இடுக்குலதான் காயில் மேலும் கீழும் ஓடுது. காயிலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல ஒரு பகுதிதான். மையம் தவறினா காயில் இரும்புல உரசும், எனாமல் தேயும், கடைசியில காயில் எரியும். நான் கேட்ட 'கர்ர்ர்' அதுதான். 1925-ல ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல உருவாக்கின காயில் ஸ்பீக்கரோட அடிப்படை இன்னைக்கும் மாறல. அதோட பலவீனமும் மாறல.

இப்ப அதே பாக்ஸ் ஒரு பழைய டயர் மேல விழுதுன்னு வைங்க. டயர் 3 செ.மீ. அமுங்கினா? 30-ஐ 3-ஆல வகுத்தா 10. ஆயிரம் கிலோ நூறு கிலோவாயிடுச்சு. கேஸ் சிலிண்டர் இறக்குற அண்ணன்கள் கீழே ஒரு டயரையோ சாக்கு மூட்டையையோ போட்டு இறக்குறதைப் பார்த்திருப்பீங்க. அது முழுக்க முழுக்க இந்தக் கணக்குதான். இப்ப எங்க வண்டியில எப்பவும் ரெண்டு பழைய பைக் டயர் கிடக்கும். செலவு பூஜ்யம்.

வண்டியில எப்படி நிக்கணும்

திருச்சி–சென்னை நாலுவழிச் சாலையில பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. மெயின் ரோட்டை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்கு நடுவுல கோயிலுக்குப் போற கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான் வில்லங்கம். வரிசையா வேகத்தடை, வண்டித் தடம், பள்ளம். அதுக்குத் தகுந்த மாதிரி அடுக்கணும்.

பேஸ் பாக்ஸை முதல்ல ஏத்தி, டிரைவர் கேபின் சுவரோட ஒட்டி நிறுத்துங்க. கனம் முன்னாடி இருந்தா பிரேக் போடும்போது ஓடி வந்து இடிக்க இடமில்ல. ரெண்டு பாக்ஸ் இருந்தா மூஞ்சியும் மூஞ்சியும் பார்த்த மாதிரி வெச்சு, நடுவுல பழைய மெத்தைத் துண்டு ஒண்ணு சொருகுங்க. கிரில் வெளிப்பக்கம் பார்த்தா ஸ்டாண்டு கம்பி ஒண்ணு சாய்ஞ்சாலே கோன் கிழியும்.

சக்கரம் வெச்ச பாக்ஸை சக்கரத்து மேலேயே நிறுத்திட்டு வண்டி ஓட்டாதீங்க. சக்கரம் தரையில தள்ளுறதுக்கு மட்டும்தான். வண்டிக்குள்ள பாக்ஸோட அடிப்பாகம் முழுசா தரையில உட்காரணும். கயிறு கட்டும்போது மூலையில நேரா கயிறு பட்டா ரெக்சின் அறுந்துடும். ஒரு அட்டையை மடிச்சு வெச்சு அதுக்கு மேல கட்டுங்க. ரெக்சின்ல ஒரு சின்ன கிழிசல்தானேன்னு விடாதீங்க. அது அழகுக்கு ஒட்டினது மட்டும் இல்ல, மரத்தோட மழைக்கோட்டும் அதுதான். கிழிசல் வழியா தண்ணி போனா அடுத்த மழைக்குள்ள மரம் உப்பிடும். அன்னைக்கே ரப்பர் பசை போட்டு ஒட்டிடுங்க.

தூக்குற விஷயத்துல ஒரு நல்ல உதாரணம்: பேஸ் கிடார்காரங்களுக்கு ஆம்பெக் கம்பெனி 1969 வாக்குல கொண்டு வந்த எட்டு ஸ்பீக்கர் கேபினெட். அது இருக்கிற உயரத்துக்கு 'ஃப்ரிட்ஜ்'னே செல்லப்பேர். இப்ப வர்ற மாடல்ல பின்பக்கம் மேல டவல் மாட்டுற மாதிரி நீளக் கம்பி, கீழே சக்கரம், முதுகுல வழுக்கிப் போக வரி வரியா பட்டை. ஒருத்தர் சாய்ச்சு உருட்டலாம், ரெண்டு பேர் முதுகுப்பட்டை மேல வழுக்கி வண்டியில ஏத்தலாம். பாக்ஸ் டிசைன் பண்றப்பவே தூக்கப்போற ஆளை நினைச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஆசாரிகிட்ட பாக்ஸ் அடிக்கச் சொல்றப்ப இதையெல்லாம் கேட்டு வாங்கலாம்: எட்டு மூலைக்கும் இரும்பு கார்னர், உள்ளே புதைஞ்ச கைப்பிடி, அடியில ரெண்டு பட்டை. கைப்பிடி இல்லாட்டி ஆள் எங்க கை விடுவான்? காத்து போற ஓட்டைக்குள்ளதான். அங்க பிடிச்சு இழுத்தா போர்ட் பலகை பிரிஞ்சு வரும்.

ஒரு குட்டி ஒயர் வித்தை

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பழைய ஊஃபர் ஒண்ணு கிடைச்சா நீங்களே செஞ்சு பாருங்க. ஒயர் எதுவும் மாட்டாம கோனை மெதுவா விரலால தட்டுங்க. 'டொம்ம்'னு இழுக்கும். இப்ப பின்னாடி இருக்கிற ரெண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால இணைச்சுட்டுத் தட்டுங்க. 'டப்'னு அடங்கிடும். அழுத்திப் பார்த்தா கூழுக்குள்ள கை விட்ட மாதிரி கனமா இருக்கும்.

காரணம் லென்ஸ் விதி. காயில் காந்தத்துக்குள்ள நகர்ந்தா மின்னழுத்தம் உண்டாகும். முனைகளை இணைச்சிருந்தா அதனால மின்சாரம் ஓடும், அந்த மின்சாரம் நகர்தலையே எதிர்க்கும். செலவில்லாத பிரேக். நம்ம லேப்ல இருக்கிற கால்வனோமீட்டரை எடுத்துட்டுப் போறப்ப முள் ஆடாம இருக்க முனைகளை ஷார்ட் பண்ணுவாங்களே, அதே சமாச்சாரம். பாக்ஸுக்கு உள்ளே கெப்பாசிட்டர் சர்க்யூட்டோ ஆம்ப்போ இல்லாம ஸ்பீக்கர் நேரா சாக்கெட்டுக்கு வந்திருந்தா, ரெண்டு முனையையும் இணைச்ச ஒரு பிளக்கை அதுல சொருகிட்டா பயணத்துல கோன் சும்மா ஆடிக்கிட்டு வராது. கீழே விழுற அடியை இது தடுக்காது, அதுக்கு டயர்தான்.

ஆனா ஜாக்கிரதை: ரெண்டு சாக்கெட் இருக்கிற பாக்ஸ்ல இந்த பிளக்கை மறந்துட்டு ஆம்ப் போட்டா, ஆம்புக்கு நேரடி ஷார்ட். சிவப்பு ரிப்பன் கட்டி வெளியே தெரியுற மாதிரி தொங்க விடுங்க.

ஷெட்டுல இருக்கிற எதிரிகள்

ஐப்பசியில இருந்து மார்கழி முடியுற வரை பேஸ் பாக்ஸுக்குப் பெருசா வேலை இருக்காது. மார்கழி விடியலுக்குக் குழாய் ஸ்பீக்கரே போதும். அந்த மூணு மாசம் வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட.

முதல் எதிரி ஈரம். பிளைவுட் கொஞ்சம் தாங்கும். எம்.டி.எஃப். பலகையோட வெட்டின ஓரம் தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. புதுசா அடிக்கிறவங்க ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேட்டு வாங்குங்க, தண்ணி தாங்குறதுக்கான தரம் அது. சிமென்ட் தரை மழைக்காலத்துல ஈரத்தை மேலே கொடுக்கும், அதனால ரீப்பர் கட்டை மேல தூக்கி வைங்க. சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, கரையான் ஏறினாலும் கண்ணுல படும்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, பிளாஸ்டிக் ஷீட்டால இறுக்கி மூடுறது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாம பூஞ்சை பிடிக்கும். தார்ப்பாய் வண்டிக்கு. ஷெட்டுக்குப் பழைய பெட்ஷீட்டு போதும், தூசியும் வராது, காத்தும் போகும்.

ரெண்டாவது எதிரி எலி. எங்க பக்கம் மக்காச்சோளம் அதிகம். பாக்ஸ் இருக்கிற அதே ஷெட்டுலதான் சோள மூட்டையும் இருக்கும். சோளத்துக்கு வர்ற எலிக்குப் போர்ட் ஓட்டை வாசல், உள்ளே இருக்கிற பஞ்சு மெத்தை. எங்களுக்கு ஒரு தடவை தை மாசம் பாக்ஸைத் திறந்தப்ப குட்டிகளோட ஒரு குடும்பமே இருந்துச்சு, ஒயர் ரெண்டு இடத்துல துண்டு. இப்ப சின்னக் கண் இரும்பு வலையில ஒரு மூடி செஞ்சு போர்ட்ல கொக்கி போட்டு மாட்டுறோம். பாட்டு போடும்போது கழட்டிடணும், இல்லாட்டி காத்து 'உஸ்'ஸுங்கும்.

மூணாவது, புவியீர்ப்பு. பாக்ஸை மல்லாக்கவோ குப்புறவோ மாசக்கணக்குல போடாதீங்க. கோனும் காயிலும் தன்னோட எடையாலயே ஒரு பக்கம் தொங்கி, அவற்றைத் தாங்குற ஸ்பைடர் துணி அந்த நிலைக்கே பழகிடும். நேரா நிமிர்ந்து நிக்கட்டும்.

எடுக்கும்போது அஞ்சு நிமிஷ டெஸ்ட்

1. போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. கைக்கு எட்டினதை மட்டும் இல்ல, எட்டையும்.
2. ரெண்டு கையையும் விரிச்சு கோனைச் சமமா, மெதுவா அழுத்துங்க. 'சர சர'ன்னு கேட்டா காயில் உரசுது. ஆம்ப் போடாதீங்க, மெக்கானிக்கிட்ட போங்க.
3. மொபைல் ஆப்ல 40 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, சத்தத்தைக் கம்மியா வெச்சு, இணைப்பு ஓரமா ஒரு ஊதுபத்தியைக் கொண்டு போங்க. புகை எங்க நடுங்குதோ அங்க காத்து கசியுது. போர்ட் பக்கத்துல புகை ஆடுறது சகஜம், அதை விடுங்க.
4. சாக்கெட்டைப் பாருங்க, ஷார்ட் பிளக் உள்ளே இல்லையே?

இவ்வளவுக்கும் ஆன செலவைக் கூட்டிப் பாருங்க: பழைய டயர், அட்டை, பெட்ஷீட்டு, ரீப்பர் கட்டை, ஊதுபத்தி. ஒரு ஸ்பீக்கருக்குக் கோன் மாத்துற காசுல இதெல்லாம் பல வருஷத்துக்கு வாங்கலாம்.

இனி உங்க பங்கு. அடுத்த கல்ச்சுரல்ஸ்ல பாக்ஸ் மேல ஏறி ஆடாதீங்க, ஜூஸ் கப் வைக்காதீங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் ஒரு பத்து நிமிஷம் இருந்து, அந்த நாலு அண்ணன்களுக்கு மொபைல் டார்ச் அடிங்க. தூக்க நாலு கை கூடக் கிடைச்சா, தூக்கக் கலக்கத்துல வழுக்குற கை ஒண்ணு குறையும். அந்தப் பெட்டி யாரோ ஒருத்தர் வீட்டு நகையா இருக்கலாம்.

மாமாவோட பாக்ஸ் கோன் மாத்தி, தை மாசம் திரும்ப மேடை ஏறிடுச்சு. இறக்கும்போது டயரை எடுத்துப் போடுறது இப்ப நான்தான். மாமா கேட்காமலே.